2147483647: பட்டியலில் வந்து நின்ற எண்ணும் ஆய்லர் சோதித்த எண்ணும்

நீங்கள் கேட்டது இது. அலுவலகத்தில் வாடிக்கையாளர் பட்டியலைத் திறந்தால் நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே கைபேசி எண் நிற்கிறது: 2147483647. உடன் வேலை செய்பவர் ஒருவர், "இது சாதாரண எண் இல்லை, பகா எண். கணித மேதை ஆய்லர் 250 வருடத்துக்கு முன்னாலேயே நிரூபித்துவிட்டார்" என்கிறார். பகா எண் என்பதால்தான் கணினி இதைப் பிடித்துக்கொண்டதா, கணினி இல்லாத காலத்தில் பத்து இலக்க எண்ணை எப்படிச் சோதித்தார்கள், அதை இன்று நாமே கையால் செய்து பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த எண் உங்கள் பட்டியலுக்கு வந்த காரணம் ஒன்று; அது பகா எண்ணாக இருக்கும் காரணம் வேறு. கல்லூரியில் பல வருடம் எண்கோட்பாடு நடத்தியவன் நான். இந்த எண் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

பட்டியலை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் தரவுத்தளத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் இந்த அறிகுறிக்குக் காரணம் அநேகமாக ஒன்றுதான். கைபேசி எண்ணுக்கான பத்தியை யாரோ 'இன்ட்' வகையாக அமைத்திருக்கிறார்கள். அது முழு எண்ணுக்கான வகை; அதற்கு 32 பிட் இடம், அதாவது 0 அல்லது 1 எழுதும் 32 கட்டங்கள். அதில் ஒரு பிட் கூட்டலா கழித்தலா என்ற குறிக்குப் போய்விட, மீதி 31 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 2147483647. மைஎஸ்கியூஎல் போன்ற தரவுத்தளம் கண்டிப்பு முறையில் இல்லாமல் ஓடினால், அதைவிடப் பெரிய எண்ணைக் கொடுக்கும்போது பிழை என்று நிறுத்தாது. ஓர் எச்சரிக்கையை மட்டும் போட்டுவிட்டு உச்ச எண்ணை எழுதி வைத்துக்கொள்ளும். நம் நாட்டுக் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 என்றுதான் தொடங்குகின்றன. எல்லாமே 600 கோடிக்கு மேல். வரம்போ 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. ஆக ஒன்றுகூடத் தப்பாது. பட்டியலில் தரைவழி எண்கள் இருந்தால் இதைச் சரிபார்த்துவிடலாம். முன்னால் உள்ள பூஜ்யம் போனபின், டெல்லியின் 11-இல் தொடங்கும் பத்து இலக்க எண்கள் ஒழுங்காக இருக்கும். மும்பையின் 22-இல் தொடங்குபவை 2147483647 ஆகியிருக்கும். அப்படி இருந்தால் காரணம் உறுதி. அந்தப் பத்தியில் இருந்து பழைய எண்களை மீட்க வழியில்லை, அவை எழுதப்படவே இல்லை. விண்ணப்பப் படிவமோ பழைய கோப்போ இருந்தால்தான் உண்டு. இனிமேல் தொலைபேசி எண்ணை எழுத்துச் சரமாகச் சேமியுங்கள். அதைக் கூட்டவோ பெருக்கவோ யாருக்கும் தேவை வராது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. 31 பிட்டிலும் 1 என்றே நிற்கும்போது கிடைக்கும் மதிப்பு 2³¹ − 1. கணினி இந்த எண்ணைப் பிடித்ததற்கு அது மட்டுமே காரணம். பகா எண்ணா இல்லையா என்பது வன்பொருளுக்குத் தெரியாது, தேவையும் இல்லை. இதற்குச் சாட்சி பக்கத்து அளவுகளிலேயே இருக்கிறது. 8 பிட்டின் உச்சம் 127, அது பகா எண். 16 பிட்டின் உச்சம் 32767. அது 7 × 31 × 151. 32 பிட்டின் உச்சம் நம் எண், பகா எண். 64 பிட்டின் உச்சம் 9223372036854775807, அது 7-ஆலும் வகுபடும், 127-ஆலும் வகுபடும். 128 பிட்டுக்கு வந்தால் 2¹²⁷ − 1, மறுபடி பகா எண். மாறி மாறி வருவதைப் பார்த்து ஏதோ விதி இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். பாதி விதி உண்மையிலேயே இருக்கிறது. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் எண்ணும் பகு எண்தான்: 15 என்பது 3 × 5, எனவே 2¹⁵ − 1 என்பது 2³ − 1 ஆகிய 7-ஆலும் 2⁵ − 1 ஆகிய 31-ஆலும் கட்டாயம் வகுபடும். 63-க்கும் இதே கதி. 7, 31, 127 என்ற அடுக்குகள் பகா எண்கள் என்பதால் அவற்றுக்கு வாய்ப்பு இருக்கிறது, அவ்வளவுதான். வாய்ப்பு இருப்பது உத்தரவாதம் ஆகாது. 11 பகா எண், ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. ஆக, 31 என்ற அடுக்குக்கு அந்த வாய்ப்பு பலித்ததா என்பதைத் தனியாக உட்கார்ந்து சோதித்துத்தான் சொல்ல முடியும். ஆய்லர் செய்தது அதைத்தான்.

அவருக்கு முன்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியின் பொலோனியாவைச் சேர்ந்த கட்டால்டி 1588-இல் 2¹⁷ − 1, 2¹⁹ − 1 இரண்டும் பகா எண்கள் என்று வகுத்துப் பார்த்தே நிறுவினார். 2¹⁹ − 1 = 524287; இதன் வர்க்கமூலம் 724-ஐ ஒட்டி வரும். அதுவரை உள்ள பகா எண்களால் வகுத்தால் போதும். அவரிடம் 750 வரை அட்டவணை இருந்தது. அதோடு நிற்காமல் 23, 29, 31, 37 என்ற அடுக்குகளும் பகா எண்ணையே தரும் என்று 1603-இல் அச்சிட்டார். 23-ஐயும் 37-ஐயும் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா 1640-இல் உடைத்தார்: முதலாவதை 47 வகுக்கும், இரண்டாவதை 223 வகுக்கும். 29-ஐ உடைத்தவர் ஆய்லர்; 536870911 = 233 × 1103 × 2089. நான்கில் மூன்று தவறு, 31 மட்டும் சரி. எனவே "2³¹ − 1 பகா எண் என்று கட்டால்டியே சொல்லிவிட்டார்" என்று எங்காவது படித்தால், சொன்னது உண்மை, நிரூபணம் அவரிடம் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். 1644-இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் வெளியிட்ட புகழ்பெற்ற பட்டியலிலும் 31 உண்டு. அந்தப் பட்டியலிலோ 67, 257 இரண்டும் தவறு. 61, 89, 107 விடுபட்டவை. கணிதத்தில் சரியாகச் சொல்வது வேறு, நிறுவுவது வேறு. மாணவர்களிடம் நான் அதிகம் வற்புறுத்திய விஷயம் இது, அதனால் இங்கேயும் அழுத்திச் சொல்கிறேன்.

நிரூபணத்துக்கு வருவோம். வெறும் வகுத்தலாகப் பார்த்தால் வேலை இவ்வளவு: 46340-இன் வர்க்கம் 2147395600, 46341-இன் வர்க்கம் நம் எண்ணைத் தாண்டிவிடும். ஆகவே 46340 வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவை ஏறக்குறைய 4800. பத்து இலக்க எண்ணை 4800 முறை கையால் வகுப்பது மாதக் கணக்கில் இழுக்கும் வேலை, நடுவில் ஒரு பிழை வந்தால் எல்லாம் வீண். இதில் பெரும் பகுதியை வகுக்காமலே தள்ளிவிடும் வழி இருக்கிறது. ஒரு தாளை எடுத்துக்கொண்டு கூடவே வாருங்கள்.

2³¹ − 1-ஐ ஒரு பகா எண் வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 'ப' என்று பெயர். 2, 4, 8, 16 என்று 2-இன் அடுக்குகளை ப-ஆல் வகுத்து மீதிகளை எழுதிக்கொண்டே போனால், ஓர் இடத்தில் மீதி 1 வரும், அங்கிருந்து அதே வரிசை திரும்பச் சுழலும். ப நம் எண்ணை வகுப்பதால் 31-ஆவது அடுக்கில் மீதி 1. எனவே சுழற்சியின் நீளம் 31-ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண், ஆக நீளம் 1 அல்லது 31. நீளம் 1 என்றால் 2-ஐ வகுத்த மீதியே 1 ஆக வேண்டும், அது நடக்காது. நீளம் 31 என்பது முடிவாகிறது. இன்னொரு பக்கம், ஃபெர்மாவின் சிறிய தேற்றம் (ப − 1)-ஆவது அடுக்கிலும் மீதி 1 என்கிறது. சுழற்சி 31 நீளம் என்றால் ப − 1 என்பது 31-இன் மடங்காக இருந்தே தீர வேண்டும். ப ஒற்றைப்படை என்பதால் ப − 1 இரட்டைப்படை, ஆக 62-இன் மடங்கு. இந்த ஓர் அடியில் 62, 124, 186 என்ற மடங்குகளோடு 1 கூட்டியவை மட்டுமே மிஞ்சுகின்றன. 3, 5, 7, 11, 13 என்று நாம் முதலில் வகுக்க நினைக்கும் எல்லாமே வெளியே போயாயிற்று.

இன்னொரு சல்லடையும் உண்டு. 2³¹-க்கு மீதி 1 என்றால் 2³²-க்கு மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். அதாவது ப-ஆல் வகுக்கும்போது மீதி 2 தரும் ஒரு வர்க்கம் இருக்கிறது. அப்படி வர்க்கம் கிடைக்க வேண்டுமென்றால் ப-ஐ 8-ஆல் வகுத்த மீதி 1 அல்லது 7 ஆகத்தான் இருக்க வேண்டும் என்பது எண்கோட்பாட்டின் அடிப்படை முடிவுகளில் ஒன்று. அதன் நிரூபணம் கொஞ்சம் நீளம், எந்தப் பட்டப்படிப்புப் பாடநூலிலும் இருக்கும். இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால் ப என்பது 248-இன் மடங்கோடு 1 அல்லது 63 கூட்டிய எண். ஆய்லர் தந்த வடிவங்கள் இவையேதான். 46340 வரை இப்படிப்பட்ட எண்கள் மொத்தம் 373. அவற்றிலும் பெரும்பாலானவை பகு எண்கள், அவற்றை வகுக்கத் தேவையில்லை. கடைசியில் மிஞ்சும் பகா எண்கள் சுமார் 80. நாலாயிரத்துச் சொச்சம் வகுத்தல் எண்பதாகிவிட்டது.

வரிசையின் தொடக்கத்தைப் பாருங்கள். 63, பகு எண். 249 = 3 × 83. அடுத்தது 311, பகா எண். இதைச் சோதித்தாக வேண்டும். பத்து இலக்க எண்ணை நேராக வகுக்காமல் மீதிகளிலேயே நடக்கலாம். 2⁸ = 256; 311-க்கு 55 குறைவு, எனவே மீதியை −55 என்று எழுதுவோம். அதை வர்க்கப்படுத்தினால் 3025, அதாவது 2¹⁶-இன் மீதி 226, இதையும் −85 என்று எழுதலாம். 2²⁴ என்பது 2¹⁶-ஐயும் 2⁸-ஐயும் பெருக்கியது: (−85) × (−55) = 4675, அதிலிருந்து 311 × 15 = 4665 போக 10. இனி 2⁷ = 128-ஆல் பெருக்கினால் 1280, அதில் 1244 போக 36. ஆக 2³¹-இன் மீதி 36, நம் எண்ணின் மீதி 35. பூஜ்யம் இல்லை, 311 வகுக்காது. மூன்று சின்னப் பெருக்கல், அவ்வளவுதான். நேராக வகுத்தும் சரிபார்க்கலாம்: 311 × 6905092 = 2147483612, மீதி 35. இப்படியே மற்ற பகா எண்களுக்கும் செய்துகொண்டு போனால் ஒன்றில்கூடப் பூஜ்யம் வராது.

ஆய்லர் இந்த முடிவைத் தெரிவித்தது 1772-இல், பெர்னூலி குடும்பத்துக் கணித அறிஞர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில். அப்போது அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார், வயது அறுபதைத் தாண்டியிருந்தது, பார்வை ஏறக்குறைய முழுதும் போயிருந்தது. அந்த நிலையில் அவர் பெரிய கணக்குகளை மனத்திலேயே வைத்துக்கொண்டு போட்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அதன்பின் ஏறத்தாழ 80 வருடம், அறியப்பட்ட மிகப் பெரிய பகா எண் இதுவே. பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலக் கணித அறிஞர் 1811-இல், இந்தப் பகா எண்ணிலிருந்து கிடைக்கும் நிறைவெண்ணைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, பயன் இல்லாததால் யாரும் தேடவும் மாட்டார்கள் என்ற பொருளில் எழுதினார். தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகளின் கூட்டுத்தொகைக்கே சமமான எண் நிறைவெண்; 6 = 1 + 2 + 3 போல. 2³¹ − 1-ஐ 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128, எட்டாவது நிறைவெண். பார்லோவின் கணிப்பு எவ்வளவு தவறியது என்பதற்கு ஒரே ஒரு தகவல்: 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற பகா எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள்.

அவ்வளவு பெரிய எண்ணை வகுத்துப் பார்த்து நிறுவ முடியாது. அதற்கு வழி காட்டியவர் பிரான்ஸின் எடுவார்ட் லூக்காஸ், 1870-களில்; பின்னர் லேமர் அதைச் செம்மைப்படுத்தினார். நம் எண்ணுக்கு அந்தச் சோதனை இப்படி: 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள்; 2147483647-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 4, 14, 194, 37634, 1416317954 என்று போகும். 29-ஆவது முறை மீதி பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். வருகிறது. ஒரு வகுத்தியைக்கூடத் தேடாமல் 29 வர்க்கங்களில் வேலை முடிகிறது. மீதி எடுப்பதும் இங்கே எளிது: 9-ஆல் வகுத்த மீதிக்கு இலக்கங்களைக் கூட்டுகிறோமே, அதே தத்துவத்தில் இரும வடிவத்தை 31 பிட் துண்டுகளாக வெட்டிக் கூட்டினால் போதும்.

உங்கள் நண்பர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. கணினி இந்த எண்ணை அது பகா எண் என்பதற்காகத் தேர்ந்தெடுத்த இடமும் உண்டு: சமவாய்ப்பு எண் உருவாக்கம், அதாவது தற்செயலாக வந்ததுபோல் தெரியும் எண்களைக் கணினி தருவது. 1969-இல் லூயிஸ், குட்மேன், மில்லர் மூவரும் ஐபிஎம் கணினிக்காக வெளியிட்ட முறை இது: கையில் உள்ள எண்ணை 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்த மீதியை அடுத்த எண்ணாக எடுத்துக்கொள்வது. 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று தாறுமாறாகப் போவதுபோல் தெரியும். பகா எண்ணால் வகுப்பதாலும், 16807 சரியாகத் தேர்ந்தெடுத்த பெருக்கி என்பதாலும், 1 முதல் 2147483646 வரை ஒவ்வோர் எண்ணையும் ஒரே ஒரு முறை தொட்டுவிட்டுத்தான் வரிசை தொடக்கத்துக்குத் திரும்பும். 16807 என்பது 7⁵. 7-க்கு இந்த முழுச் சுழற்சி உண்டு. 2147483646-இன் பகாக் காரணிகள் 2, 3, 7, 11, 31, 151, 331. அவற்றில் 5 இல்லாததால் 7⁵-க்கும் அது வாய்க்கிறது. 1988-இல் பார்க், மில்லர் இருவரும் இதைக் குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்தார்கள். சி பிளஸ் பிளஸ் நிரல்மொழியின் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. கடவுச்சொல், ஓடிபி போன்ற ரகசிய வேலைக்கு மட்டும் இதைத் தொடாதீர்கள், ஓர் எண் தெரிந்தால் அடுத்தது தெரிந்துவிடும். இங்கே இரண்டு காரணங்களும் உண்மையிலேயே கைகோக்கின்றன: 32 பிட்டுக்குள் அடங்க வேண்டும், பகா எண்ணாகவும் இருக்க வேண்டும்.

2038 பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1970 ஜனவரி 1-இலிருந்து நொடிகளை எண்ணி அதை 32 பிட்டில் வைத்திருக்கும் பழைய அமைப்புகளில், நம் நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு இந்த எண் வந்து நிற்கும். அடுத்த நொடி −2147483648 ஆகி, தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும். இதற்கும் பகா எண் என்பதற்கும் தொடர்பு இல்லை.

இதுவரை சொன்னவை நிறுவப்பட்டவை. இனி யாருக்கும் விடை தெரியாத பகுதி. 2-இன் அடுக்கில் 1 குறைத்துக் கிடைக்கும் பகா எண்கள் முடிவில்லாமல் வருமா என்பது தெரியாது. நம் எண்ணில் அடுக்கான 31-உம் 2⁵ − 1 என்ற அதே வகைப் பகா எண். 3, 7, 31, 127 ஆகியவற்றை அடுக்காக வைத்தால் நான்கு முறையும் பகா எண் கிடைக்கிறது. எப்போதும் இப்படித்தானோ என்று ஆசைப்படலாம். இந்த வகையில் அடுத்த பகா எண்ணான 8191-ஐ அடுக்கில் வைத்ததும் ஆசை உடைகிறது. நம் 2147483647-ஐயே அடுக்கில் வைத்து 1 குறைத்தால் வரும் எண்ணுக்கு 64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள். எழுதி முடிக்க ஆயுள் போதாது. ஆனாலும் அது பகு எண் என்று தெரியும், 295257526626031 அதை வகுக்கிறது. இந்த வகுத்தியும் மேலே பார்த்த விதிக்கே கட்டுப்பட்டது: அதிலிருந்து 1-ஐக் கழித்தால் 2147483647-இன் 137490 மடங்கு. 2⁶¹ − 1 என்ற பகா எண்ணை அடுக்கில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னும் விடை இல்லை.

கடைசியாக, கையால் செய்ய முடியுமா என்று கேட்டீர்களே. முடியும். 46340 வரை பகா எண் அட்டவணை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 248-இன் மடங்கோடு 1 அல்லது 63 கூட்டி வரும் பகா எண்களைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் 2¹⁰, 2²⁰, 2³⁰, 2³¹ என்று நான்கு மீதிகள் போட்டால் போதும். நிதானமாகச் செய்தால் சில நாள் மாலை வேலைதான். 311-க்கு அடுத்து வருவது 1303, அதற்கு நம் எண்ணின் மீதி 226 வர வேண்டும். அதற்கடுத்த 1489-க்கு 199. இந்த இரண்டும் சரியாக வந்தால் முறை கைவந்துவிட்டது என்று அர்த்தம், தைரியமாக மேலே போகலாம்.